ஐரோப்பிய இரும்புக் கவசங்கள் ஏன் சின்னதாகத் தெரிகின்றன?

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிற்கும் இரும்புக் கவசங்களைப் பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். "இவ்வளவு சின்னதா? அந்தக் காலத்து ஆட்கள் ஐந்து அடிகூட இல்லையா?" என்பது முதல் கேள்வி. "இதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் எழுந்திருக்க முடியுமா?" என்பது அடுத்தது. இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஆட்கள் அவ்வளவு குள்ளமில்லை, எழுந்திருக்கவும் முடியும். ஆனால் கண் எங்கே ஏமாறுகிறது என்று தெரியாவிட்டால் அடுத்த கவசத்தைப் பார்க்கும்போதும் அதே சந்தேகம்தான் வரும்.

ஸ்டாண்டில் நிற்கும் கவசத்தின் மொத்த உயரத்தை வைத்துப் போட்டவருடைய உயரத்தைச் சொல்ல முடியாது. மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள நீளம், இடை எந்த உயரத்தில் வருகிறது, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது ஆகிய மூன்றும்தான் கொஞ்சமாவது நம்பத்தக்கவை.

முதலில், எதைப் பார்க்கிறோம்?

இடைக்காலம் என்று சொல்வது ஏறக்குறைய ஆயிரம் வருடம். அதில் பெரும்பகுதி ஐரோப்பியப் போர்வீரனின் கவசம் இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிச் சட்டைதான். அது தொளதொளவென்று தொங்கும். அளவு முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். 1300களில் துணிக்கு உள்பக்கம் இரும்புத் தகடுகளை வரிசையாக ரிவிட் அடித்த மேலாடை பரவியது. இன்றைய ஸ்வீடனில் உள்ள கோட்லண்ட் தீவில், விஸ்பி நகருக்கு வெளியே 1361இல் நடந்த போரில் செத்தவர்கள் பலரைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் குழியில் போட்டு மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது இந்த மாதிரி மேலாடைகள் இருபதுக்கும் மேல் கிடைத்தன. போட்டவரின் எலும்போடு சேர்ந்தே கிடைத்த கவசம் என்பது இந்தத் துறையில் மிக அரிது.

தலை முதல் பாதம் வரை தகடு என்ற முழுக் கவசம் முழுமையான வடிவத்துக்கு வந்தது 1400களில். மிலனும் தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் நகரங்களும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கும் இதன் பெரிய பட்டறைகள். இன்று முழுசாக நிற்பவற்றில் பெரும்பாலானவை 1450க்குப் பிந்தியவை. அதிலும் நிறைய 1500களைச் சேர்ந்தவை. கறாராகப் பார்த்தால் இடைக்காலமே முடிந்துபோன பிறகு செய்தவை.

எடையையும் இங்கேயே சொல்லிவிடலாம். போர்க்களத்துக்கான முழுக் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி தரையில் நின்று போட்டிச் சண்டை போட 1520இல் செய்த கவசம் 42 கிலோவைத் தாண்டும். அதே மன்னருக்கு 1544 வாக்கில் இத்தாலியில் செய்த போர்க்களக் கவசம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது, சுமார் 23 கிலோதான். விளையாட்டுக்குச் செய்ததைப் போருக்குச் செய்ததாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம். பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி தலைக்கவசம் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டார் என்கிறது அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிய வாழ்க்கை வரலாறு. புகழ்வதற்கென்று எழுதியது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஆளைக் கிரேனில் தூக்கிக் குதிரை மேல் உட்கார வைத்தார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது.

இடை எங்கே இருக்கிறது?

பிழை பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

இந்தக் கட்டுரையில் இடை என்றால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பக்கவாட்டில் சாயும்போது உடம்பு மடியும் இடம். தொப்புளுக்குச் சற்று மேலே வரும். நம் பேன்ட்டும் பெல்ட்டும் நிற்பது அதற்குக் கீழே, இடுப்பெலும்பில். வருடக்கணக்கில் அப்படியே உடுத்திப் பழகியதால், உடம்பின் நடுக்கோடு பெல்ட்தான் என்று கண் முடிவு செய்துவிட்டது. அந்தக் கண்ணோடு போய் மார்புத் தகட்டைப் பார்த்தால், பெல்ட்டுக்குச் சில விரல் மேலேயே தகடு முடிந்துவிடும். உடனே "பையன் போட்டது" என்று தோன்றும்.

தகடு இடையோடு முடிந்தே ஆக வேண்டும். ஒரு கெட்டி அட்டையைக் கழுத்துக் குழியிலிருந்து பெல்ட் வரைக்கும் நீளமாக வெட்டி, மார்பில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கீழ் விளிம்பு தொடையில் முட்டும், மேல் விளிம்பு தொண்டையில் ஏறும். குதிரை மேல் உட்கார வேண்டியவனுக்கு இரும்பில் இதைச் செய்து கொடுத்தால் எதிரியே தேவையில்லை. அட்டையை இடை வரை நறுக்கினால் குனியலாம், திரும்பலாம், உட்காரலாம்.

இன்னொரு காரணம் எடை. தோளில் தொங்கும் பாரம் சீக்கிரம் சோர்வு தரும். இடையில் இறுக்கமாகப் பிடிக்கும் தகடு, பாரத்தில் ஒரு நல்ல பங்கை இடுப்பெலும்பின் மேல் இறக்கிவிடுகிறது. அதனால்தான் நன்றாகச் செய்த கவசம் இடையில் சட்டென்று ஒடுங்கி, அதற்குக் கீழே விரியும். இடைக்குக் கீழே வயிற்றையும் இடுப்பையும் மூடுவது தனித்தனி வளைத் தகடுகள்; ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளே தோல்வாரில் தொங்குபவை. உட்காரும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று மடங்கிவிடும். இவற்றைப் பாவாடைத் தகடுகள் என்று சொல்லிக்கொள்வோம்.

மேலே தோள் பக்கமும் இதே கதைதான். மார்புத் தகட்டின் மேற்பகுதி இரண்டு கைக்குழிகளுக்கும் நடுவே குறுகலாக இருக்கும். இரண்டு கையாலும் ஆயுதம் பிடிக்க வேண்டுமானால் கைகள் மார்புக்கு முன்னால் வந்து சேர வேண்டும். தகடு தோள் அகலத்துக்கு இருந்தால் கை வராது. விட்ட இடத்தைத் தனித் தோள் தகடுகள் மூடிக்கொள்ளும். தகட்டின் மேல் அகலத்தைத் தன் சட்டையின் தோள் அளவோடு ஒப்பிடுகிறவர் ஏமாறுவது இதனால்தான்.

அழகும் ஒரு பங்கு. வியன்னாவில் இருக்கும் டிரோல் ஆட்சியாளர் சிகிஸ்முண்டின் கவசம், ஆக்ஸ்பர்க்கின் லோரன்ஸ் ஹெல்ம்ஷ்மிட் 1484 வாக்கில் செய்தது, பார்க்க அவ்வளவு ஒல்லி. விசிறியாக விரியும் மடிப்புக் கோடுகள், கூரான விளிம்புகள், ஒடுங்கிய இடை. அதே வியன்னாவில், மிலனின் மிசாலியா பட்டறை 1450 வாக்கில் ஜெர்மன் இளவரசர் முதலாம் பிரெடரிக்குக்குச் செய்த கவசம் உருண்டு திரண்டு நிற்கும். இதை வைத்து முதலாமவர் ஒல்லி, இரண்டாமவர் குண்டு என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மன் பாணி கண்ணைக் கீழிருந்து மேலே இழுக்கிறது, இத்தாலியப் பாணி அகலத்தைக் காட்டுகிறது. தகட்டின் வெளிக்கோடு கொல்லருடைய ரசனை. உடம்பைத் தெரிந்துகொள்ள உள்பக்கம்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டு செய்யும் கோளாறு

கவசத்தில் இரும்பு நின்றுவிடும், தோல் நிற்காது. தோள் தகடுகளையும் பாவாடைத் தகடுகளையும் தாங்கிய உள்வார்கள் ஐந்நூறு வருடத்தில் இற்றுப்போயிருக்கும். இன்று இருக்கும் தோல் பெரும்பாலும் பிற்காலத்தில் மாற்றியது. மாற்றியவர் வாரை இரண்டு விரல் குட்டையாகப் போட்டால் தகடுகள் அளவுக்கு மீறி ஏறிக்கொள்ளும், பாவாடை சுருங்கும், ஆள் குள்ளமாவார். நீளமாகப் போட்டால் இடைவெளி விழும்.

உள்ளே நிற்கும் பொம்மையும் பிரச்சினை. தொடைத் தகடுகளை உண்மையில் இடையைச் சுற்றிய உள்சட்டையில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரச் சட்டத்தில் அப்படிக் கட்ட வழியில்லாதபோது அவை கீழே இறங்கி, முழங்கால் தகடு கெண்டைக்கால் பக்கம் வந்து நிற்கும். ஒரு கவசத்தைப் பார்த்ததும் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: முழங்கால் தகடும் முழங்கை தகடும் மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா? இல்லை என்றால் அந்தக் காட்சியின் உயரத்தை மறந்துவிடலாம்.

இது ஒரே ஆளுடையதா?

முழுக் கவசமாக நிற்பவற்றில் பல, வெவ்வேறு இடத்திலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்து நிறுத்தியவை. இதற்குப் பல வழிகள் உண்டு.

1. பழைய காட்சிகள். லண்டன் டவர் கோட்டையில் 1600களின் பிற்பகுதியிலிருந்து மன்னர்களின் வரிசை என்று மரக்குதிரைகளில் கவசங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமுக்கு 16ஆம் நூற்றாண்டுத் தகட்டுக் கவசம் மாட்டியிருந்தது! 1820களில் சாமுவேல் மெரிக் என்ற அறிஞர் வந்து வரிசையை ஓரளவு சீர்படுத்தினார்.

2. வியாபாரம். 1839இல் ஸ்காட்லாந்தின் எக்லின்டனில் பிரபுக்கள் பழைய பாணிக் குதிரைப் போட்டி நடத்தியபோது கவசம் கொடுத்தவர் சாமுவேல் பிராட் என்ற லண்டன் வியாபாரி. அரைகுறைக் கவசங்களுக்குப் புதுப் பாகம் சேர்த்து விற்றதற்கும் இதே பெயர் அடிபடுகிறது. அந்த நூற்றாண்டின் கடைசியில் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் செய்த நகல்கள் இன்னும் தரமானவை. நிபுணர்களுக்கே வேலை வைப்பவை.

3. பக்தி. இத்தாலியில் மான்டுவாவுக்குப் பக்கத்தில் உள்ள சான்டா மரியா டெல்லே கிராட்ஸியே தேவாலயத்தின் மாடங்களில் நேர்ச்சைச் சிலைகள் நிற்கின்றன. அவற்றின் மேல் இருந்த கவசங்களைக் காகிதக்கூழ் வேலைப்பாடு என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். அவை 1400களின் அசல் இத்தாலிய இரும்பு என்று 20ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்னவர் பிரிட்டிஷ் நிபுணர் ஜேம்ஸ் மான். சிலையை நிறைக்கக் கையில் கிடைத்ததை மாட்டியிருந்ததால், கழற்றிய பிறகு எது எதோடு சேரும் என்று மறுபடி அடுக்க வேண்டியிருந்தது.

சேர்ந்த பாகங்களா என்று தெரிந்துகொள்ளப் பட்டறை முத்திரை உதவும்; ஆக்ஸ்பர்க் தகடுகளில் ஊரின் சின்னமான பைன் காய் அடித்திருக்கும். அதைவிட உதவுவது ரிவிட் துளைகள். இரண்டு தகடுகள் ஆதியிலிருந்தே ஜோடி என்றால் துளைகள் நேருக்கு நேர் வரும். உபயோகமில்லாமல் அடைத்த துளையோ, விளிம்பை வெட்டிவிட்டு மறுபடி மடித்த தடமோ இருந்தால், வேறு உடம்புக்காக யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த விஷயத்தில் இத்தாலியின் தெற்கு டிரோலில் உள்ள சுர்புர்க் கோட்டைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. மாட்ச் குடும்பத்திடமிருந்து 1504இல் டிராப் குடும்பத்துக்கு வந்த கோட்டை. அங்கே பயன்படுத்திய கவசங்களில் பல அங்கேயே இருக்கின்றன. கை மாறாத இரும்பில் குழப்பம் குறைவு.

அளவெடுக்க வேண்டிய இடங்கள்

1. கீழ்க்கால் கவசம். இரண்டு தகடுகள், வெளிப்பக்கம் கீல், உள்பக்கம் பக்கிள். கெண்டைச் சதையின் வளைவுக்கு அப்படியே ஒத்துப்போக வேண்டும். கீழ் விளிம்பு ஒரு விரல் நீண்டாலும் ஒவ்வொரு எட்டுக்கும் பாதத்தின் மேல்பகுதியை அறுக்கும், மேல் விளிம்பு நீண்டால் முழங்கால் மடங்காது. ஏமாற்ற முடியாத பாகம் என்றால் இதுதான். கீழ்க்கால் எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்க உடற்கூறு அறிஞர்களிடம் சூத்திரங்கள் உண்டு. மூன்று நான்கு செ.மீ. பிழை இருக்கும். முழுக் கவசத்தை அண்ணாந்து பார்த்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

2. கழுத்திலிருந்து இடை வரை. மார்புத் தகட்டின் முன்பக்க உயரம் அல்ல, முதுகுத் தகட்டின் உயரம். முன்பக்கம் மார்பு உப்பியிருப்பதால் வளைவு சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

3. இடையின் உள்சுற்றளவு. மார்புத் தகடும் முதுகுத் தகடும் ஒரே செட் என்று உறுதியானால் மட்டும். பக்கவாட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலத்தையும், உள்சட்டையின் கனத்தையும் கழிக்க வேண்டும்.

4. கை. மேல்கை, முன்கைத் தகடுகளின் நீளம். முழங்கை தகடு இரண்டுக்கும் நடுவே வாரில் ஆடுவதால் இங்கே கொஞ்சம் நெகிழ்வு உண்டு.

தலைக்கவசத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு போய்விட்டதால் எல்லாமே பெரிய தலைக்குச் செய்த மாதிரிதான் தெரியும்.

அன்று எப்படி அளவெடுத்தார்கள்?

பணக்காரர் என்றால் நேரில். மார்ட்டின் ரோண்டெல் என்ற பெல்ஜியத்துப் புரூஜ் நகரக் கவசக் கொல்லர் 1473இல் இங்கிலாந்தின் ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தாங்கள் கடைசியாகப் புரூஜ் வந்திருந்தபோது முழுக் கவசத்துக்கு அளவு எடுத்தேனே, எந்தெந்தப் பாகம், என்ன பாணி, எப்போது வேண்டும் என்று தெரிவியுங்கள் என்று கேட்கிறார். அப்படியே முன்பணம் பற்றியும். இன்ஸ்ப்ரூக்கின் யோர்க் சூசன்ஹோஃபர் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கு அளவெடுக்கப் பாரிஸ் வரைக்கும் போனார்; அரசியல் மாறியதில் கவசம் போய்ச் சேரவே இல்லை. 1806இல் நெப்போலியன் அதைப் பாரிஸுக்கு எடுத்துப் போனார்.

சாதாரணப் படைவீரனுக்கு இதெல்லாம் கிடையாது. மிலனிலிருந்து கவசங்கள் மொத்த வியாபாரச் சரக்காகவே போய்க்கொண்டிருந்தன. வாரையும் பக்கிளையும் முன்னே பின்னே தள்ளி, உள்ளே கனமான சட்டையைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்வார்கள்.

அந்த உள்சட்டைதான் பொருத்தத்தின் பாதி. 1400களின் நடுவில் எழுதிய ஓர் ஆங்கிலக் குறிப்பு, தரையில் நின்று சண்டை போடப் போகிறவனுக்கு எப்படிப் பூட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறது. உள்ளே வேறு சட்டை கூடாது. கெட்டித் துணியில் இந்த உள்சட்டை மட்டும், அதற்குச் சாட்டின் உள்துணி, காற்றுப் போக நிறையத் துளைகள். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் சங்கிலித் துண்டு தைத்திருக்க வேண்டும். தகடுகளைக் கட்டும் கயிறு குறுக்குவில்லின் நாணுக்கு முறுக்கும் மெல்லிய நூல். முழங்காலைத் தகடு உராயாமல் இருக்கச் சுற்றிலும் கம்பளித் துண்டு. இத்தனையும் போன பிறகு மிச்சமிருக்கும் இரும்பைத்தான் நாம் பார்க்கிறோம்.

சரி, ஆட்கள் எவ்வளவு உயரம்?

இதற்கு எலும்பைத்தான் கேட்க வேண்டும். 1461இல் இங்கிலாந்தில் நடந்த டவுடன் போரின் புதைகுழி 1996இல் கிடைத்தது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலும் ஆட்களின் எலும்புகள் கிடைத்தன. இரண்டு இடத்திலும் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 171 செ.மீ. அதாவது ஐந்தடி ஏழு அங்குலம். இன்றைய ஐரோப்பியரைவிடக் குறைவுதான். ஆனால் குள்ளம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

உண்மையிலேயே சின்னதாக இருக்கும் கவசங்கள் பலவும் சிறுவர்களுடையவை. பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்கு அசல் கவசமே செய்து கொடுத்தார்கள். மெட்ரோபாலிட்டனில் ஸ்பானிய இளவரசர் லூயிஸுக்கு ஐந்து வயதில், 1712இல் செய்த ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் குழந்தையின் பட்டுப்பாவாடை பெட்டியில் பத்திரமாக இருக்கும், தினசரி வேட்டி கரித்துணியாகிப் போயிருக்கும் அல்லவா? அதே கணக்குதான். பெரிய ஆளின் கவசம் அடுத்தவனுக்குப் போனது, வெட்டித் திருத்தப்பட்டது, கடைசியில் பழைய இரும்பாக உருகியது.

மறுபக்கம், ராட்சதக் கவசங்களும் உண்டு. லண்டன் டவரில் ஏறத்தாழ 205 செ.மீ. உயரக் கவசம் ஒன்றை 1399இல் இறந்த இளவரசர் ஜான் ஆஃப் கான்டுடையது என்று நீண்ட நாள் காட்டிவந்தார்கள். பாணியைப் பார்த்தால் அது 1540 வாக்கில் ஜெர்மனியில் செய்தது.

உடம்பு மாறுவதை நன்றாகக் காட்டுபவர் எட்டாம் ஹென்றிதான். இளமைக் காலக் கவசத்தில் இடை 35 அங்குலத்தை ஒட்டி இருக்கிறது. 1540இல் கிரீனிச்சில் இருந்த அவருடைய அரச பட்டறையில் செய்ததில் 50 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. பட்டறை, பாணி, போட்டவர் எல்லாம் தெரிந்திருப்பதால் இந்த எண்களை நம்பலாம்.

முதுகெலும்பு கடுமையாக வளைந்திருந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485இல் எப்படிக் கவசம் போட்டுப் போரிட்டார் என்ற சந்தேகமும் இப்படித்தான் தீர்ந்தது. அவருடைய எலும்புக்கூடு 2012இல் லெஸ்டரில் கிடைத்த பிறகு, அதே வளைவுள்ள ஓர் இளைஞருக்கு உடம்புக்கேற்ற கவசம் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். குதிரை ஏறவும் சண்டை போடவும் முடிந்தது.

பொருந்தினாலும் தீராத பாரம்

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் கவச நகல்களைப் போட்ட ஆட்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு அளந்தார்கள். வெறும் உடம்போடு நடப்பதைவிட 2.1 முதல் 2.3 மடங்கு சக்தி செலவானது, ஓட்டத்தில் 1.9 மடங்கு. அதே எடையை முதுகில் மூட்டையாகத் தூக்குவதைவிட இது அதிகம். காரணம் கால். கீழ்க்காலிலும் பாதத்திலும் உள்ள இரும்பை ஒவ்வொரு எட்டுக்கும் வீசித் தூக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது மூச்சு. மார்புக்கூடு விரிய இடமில்லாததால், வேகம் கூடும்போது ஆழமாக இழுக்காமல் சிறிது சிறிதாக, அடிக்கடி மூச்சு விட்டார்கள். மார்புத் தகடு உப்பியிருப்பது அடியை வழுக்கிவிடுவதற்காக மட்டுமில்லை. உள்ளே மூச்சுக்கும் இடம் வேண்டும். ஆகவே ஒரு பழைய தகட்டின் உள்சுற்றளவை வைத்து ஆளின் மார்பைக் கணக்கிடும்போது, மூச்சை முழுக்க இழுத்து நிறுத்திய மார்பும் அதன் மேல் கனத்த உள்சட்டையும் சேர்ந்த அளவு அது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாக நிற்கும்போது டேப் காட்டும் அளவு அதைவிடச் சில அங்குலம் குறைவாகவே இருந்திருக்கும்.